ஐந்து சென்ட் மனையில் வாத்து வளர்ப்பு: கூடும் இடமும் எவ்வளவு வேண்டும்?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,508 பேர் வாழ்வதாக 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூறுகிறது. கேரளத்தின் சராசரி 860 ஆகும். நெருக்கமான இம்மாவட்டத்தில் ஐந்து சென்ட், ஏழு சென்ட், பத்து சென்ட் என்று மனைகள் சுருங்கிவிட்டன. ஆயினும் வீட்டைச் சுற்றி இரண்டு தென்னை, நான்கு வாழை, ஒரு கிணறு என்ற அமைப்பைப் பெரும்பாலோர் கைவிடவில்லை. அந்த மீதி இடத்தில் சில வாத்துகளை வளர்த்தால் வீட்டுக்கு வேண்டிய முட்டை கிடைக்குமே என்ற எண்ணம் பலருக்கும் உண்டு.

எண்ணம் நல்லதே. வாத்து முட்டை 65 முதல் 70 கிராம் வரை எடையுள்ளது. கோழி முட்டையைவிடப் பெரியது. வாத்து எளிதில் பழகும். நத்தை, புழு, பூச்சி, களை, சமையலறை மீதி ஆகியவற்றை உண்டு வளரும். ஆனால் ஆவலோடு வாங்கிய வாத்துகளைப் பலர் முதல் மழைக்காலத்திலேயே விற்றுவிடுகின்றனர். சேறு, நாற்றம், அண்டை வீட்டாரின் முறையீடு, கிணற்று நீரைப் பற்றிய அச்சம் ஆகியவையே காரணங்கள். இவற்றுள் எதுவும் வாத்தின் குற்றமன்று. இடத்தை அளக்காமல் எண்ணிக்கையை முடிவு செய்வதாலும், கூட்டைக் கட்டாமல் பறவையை வாங்குவதாலும் நேர்பவை. எனவே வாத்துக் கூட்டையும் அதற்கு வேண்டிய இடத்தையும் முறையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குட்டநாட்டு முறை வேறு, வீட்டு முறை வேறு

கேரளத்தில் வாத்து என்றதும் நினைவுக்கு வருவது குட்டநாடு. ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் தாழ்ந்த நெல்வயல்களில், அறுவடைக்குப் பின் ஆயிரக்கணக்கான வாத்துகளை மேய விடுவர். சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்று அவை வளரும். ஒரு வயல் தீர்ந்ததும் கூட்டம் அடுத்த வயலுக்கு நகரும். சாரா, செம்பல்லி என்ற நாட்டினங்கள் இவ்வாறு வளர்ந்தவையே. தமிழ்நாட்டில் தஞ்சை, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளிலும் இத்தகைய நாடோடி வளர்ப்பு உண்டு.

அந்த முறையில் கூட்டுக்குப் பெரிய வேலை இல்லை. இரவில் ஒரு வலைத்தடுப்பு போதும். ஏனெனில் மூன்று பணிகளை வயலே செய்துவிடுகிறது. தீவனம் தருவது வயல். பறவையைக் கழுவிச் சுத்தமாக வைப்பது வயல்நீர். எச்சத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பி உரமாக்குவதும் வயல்தான்.

நகரத்து வீட்டுமனையில் வயல் இல்லை. இம்மூன்று பணிகளும் வேண்டும். தீவனத்தை நாம் கொடுக்கவேண்டும். தண்ணீரை நாம் வைக்கவேண்டும். எச்சத்தை நாம் அகற்றவேண்டும். இவற்றை எளிதாக்குவதற்காகவே கூடும் திறந்த வெளியும் அமைக்கப்படுகின்றன. குட்டநாட்டைப் பார்த்து "வாத்துக்குக் கூடு எதற்கு?" என்று கேட்பவர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இடம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் கூட்டின் தேவை கூடுகிறது.

ஒரு வாத்துக்கு எவ்வளவு இடம்?

வளர்ப்பு முறைகள் மூன்று. திறந்தவெளி மேய்ச்சல் முறை, பாதி அடைப்பு முறை, முழு அடைப்பு முறை என்பன அவை. வீட்டுமனைக்கு ஏற்றது பாதி அடைப்பு முறையே. இதில் வாத்துகள் இரவில் கூட்டிலும், பகலில் அதை ஒட்டிய வேலியிட்ட வெளியிலும் இருக்கும். கால்நடைத் துறையினர் பரிந்துரைக்கும் அளவுகள் பின்வருமாறு:

- பாதி அடைப்பு முறையில் இரவுக் கூடு: வாத்து ஒன்றுக்கு 3 சதுர அடி.
- அதை ஒட்டிய திறந்த வெளி: வாத்து ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி.
- வெளியே விடாத முழு அடைப்பு முறையில்: வாத்து ஒன்றுக்கு 4 முதல் 5 சதுர அடி தரை.
- தீவனத் தொட்டியின் ஓரம்: வாத்து ஒன்றுக்கு 10 முதல் 12.5 செ.மீ. நீளம்.
- முட்டையிடும் பெட்டி: 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 30 செ.மீ. உயரம், மூன்று பெட்டைகளுக்கு ஒரு பெட்டி.

இவ்வளவுகளை நம் மனையில் பொருத்திப் பார்ப்போம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. எனவே ஐந்து சென்ட் 2,178 சதுர அடியாகும். வீடு, வண்டி நிறுத்துமிடம், கிணறு, கழிவுநீர்த் தொட்டி, நடைபாதை ஆகியவை போக மீதி இடம் துண்டு துண்டாகவே இருக்கும். அவற்றுள் ஒன்றாய்ச் சேர்ந்த, நீர் தேங்காத இடம் 150 சதுர அடி கிடைப்பதாகக் கொள்வோம். ஒரு வாத்துக்குக் கூடும் வெளியும் சேர்த்து 18 சதுர அடி. 150 ஐ 18 ஆல் வகுத்தால் எட்டு வாத்துகள் என்று கணக்கு வரும்.

ஆனால் எட்டு வாங்கலாகாது, ஆறு போதும். இவ்வூரில் ஜூன் தொடங்கி வரும் இடவப்பாதியும், அக்டோபர் தொடங்கி வரும் துலாவர்ஷமும் ஆண்டில் பல மாதங்கள் மண்ணை ஈரமாகவே வைத்திருக்கின்றன. ஈர மண்ணில் வாத்தின் தட்டையான பாதங்கள் சில நாள்களில் புல்லை அழித்துச் சேறாக்கிவிடும். ஆகவே வெளியை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் வாத்துகள் இருக்கையில் மறுபாதி காய்ந்து புல் முளைக்க வாய்ப்பளித்தல் வேண்டும். கணக்கில் வரும் எண்ணிக்கையில் முக்கால் பங்கை மட்டும் வளர்ப்பது இந்த மாற்றத்துக்கு இடம் தரும்.

கூடு எங்கே அமையவேண்டும்?

கூட்டுக்கு இடம் பார்க்கச் சிறந்த நாள் பெருமழை பெய்து ஓய்ந்த நாளே. அன்று மனையைச் சுற்றி நடந்து, நீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது, ஒரு மணி நேரத்தில் எந்த இடம் முதலில் காய்கிறது என்று குறித்துக்கொள்ளவேண்டும். முதலில் காயும் மேடே கூட்டுக்குரிய இடம். பயனற்றது என்று பள்ளமான மூலையை வாத்துக்கு ஒதுக்குவது பெருந்தவறு.

அடுத்து எண்ணவேண்டியது கிணறு. கேரளத்து வீடுகளில் பெரும்பாலானவை திறந்த கிணற்றையே நம்பியுள்ளன. எச்சம் கலந்த நீர் மண்ணில் ஊறிக் கிணற்றைச் சேர்ந்தால் குடிநீர் கெடும். கூடும் வெளியும் கிணற்றுக்குத் தாழ்வான பக்கத்தில், இயன்ற அளவு தொலைவில் அமைதல் வேண்டும். நம் கிணற்றை மட்டுமன்றி மதிலுக்கு அப்பால் உள்ள அண்டை வீட்டுக் கிணற்றையும் கணக்கில் கொள்வது கடமை. இரண்டு கிணறுகளுக்கும் இடையே அகப்பட்ட குறுகிய மனையில், நீர் வடியும் பக்கம் கிணற்றை நோக்கியே இருக்குமானால், வாத்து வளர்ப்பைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

அண்டை வீட்டின் படுக்கையறைச் சன்னலுக்கு அருகேயும் கூடு கூடாது. பெட்டை வாத்தின் குரல் உரத்தது. ஆணின் குரல் தாழ்ந்து கரகரப்பானது. அதிகாலையிலும், இரவில் அச்சம் நேரும்போதும் பெட்டைகள் ஒன்றாகக் கத்தும். தொடங்குமுன் அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடுவதும், முதல் முட்டைகளுள் சிலவற்றை அவர்களுக்குக் கொடுப்பதும் மதிலைவிட வலிய பாதுகாப்பாகும்.

கூட்டின் அமைப்பு

ஐந்து பெட்டைகளும் ஓர் ஆணும் கொண்ட ஆறு வாத்துகளுக்கு 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கூடு போதுமானது. இது 24 சதுர அடி. தேவையான 18 சதுர அடியைவிடச் சற்று அதிகம். மழை விடாமல் பெய்யும் நாளில் வாத்துகள் பகலிலும் உள்ளே ஒதுங்க இந்த மிகுதி உதவும்.

கூட்டின் நீள்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் படும். தென்மேற்குப் பருவமழையின் சாரல் மேற்கிலிருந்து அடிப்பதால் அப்பக்கச் சுவரை முழுதாக அடைக்கவேண்டும். மற்றப் பக்கங்களில் தரையிலிருந்து ஓர் அடி உயரம் வெட்டுக்கல் அல்லது செங்கல் சுவர் எழுப்பி, அதற்கு மேல் கம்பி வலை அடித்தால் காற்றோட்டம் கிடைக்கும். இவ்வூரின் தட்பவெப்பத்தில் குளிரைவிடப் புழுக்கமே வாத்துக்குத் துன்பம் தருவது. ஈரக்காற்று வெளியேறாத கூட்டில் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கண்ணையும் மூச்சையும் பாதிக்கும். கூட்டினுள் குனிந்தால் நம் கண் எரிகிறதென்றால், அதனுள் இரவு முழுதும் இருக்கும் பறவையின் நிலையை உணரலாம்.

கூரைக்கு ஓடு, தென்னங்கீற்று, தகரம் ஆகிய எதையும் பயன்படுத்தலாம். தகரமானால் மேலே கீற்றைப் பரப்பி வெப்பத்தைத் தணிக்கவேண்டும். கூரையின் விளிம்பு சுவரைத் தாண்டி மூன்று அடி நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. உயரம் குறைந்தது 5 அடியாவது வேண்டும். வாத்துக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. சுத்தம் செய்யும் மனிதருக்குத் தேவை. உள்ளே நுழையமுடியாத தாழ்ந்த கூடு நாளடைவில் சுத்தம் செய்யப்படாமல் விடப்படும்.

வாத்து கோழியைப் போலக் கம்பில் ஏறி உறங்காது, தரையிலேயே படுக்கும். எனவே உள்ளே கம்பு தேவையில்லை. அதன் கால்கள் மென்மையானவை. படி ஏறும்போதும் குதிக்கும்போதும் எளிதில் முடமாகும். கூட்டின் தரை உயர்ந்திருந்தால் வாசலில் படி வைக்காமல், சரிவான பலகை வைக்கவேண்டும். வாசல் இரண்டு அடி அகலம் இருக்கட்டும். கதவைத் திறந்ததும் எல்லா வாத்துகளும் ஒரே நேரத்தில் முண்டியடித்து வருவது அவற்றின் இயல்பு. பிடிக்க நேர்ந்தால் காலைப் பிடித்துத் தூக்கலாகாது. கழுத்தை மென்மையாகப் பற்றி, உடலை மறுகையால் தாங்கவேண்டும்.

நாய், கீரி, மரநாய், உடும்பு, மலைப்பாம்பு ஆகியவை இம்மாவட்டத்தின் நகர்ப்புறங்களிலும் காணப்படுபவை. பெரிய கண்ணுள்ள மெல்லிய கோழிவலை இவற்றைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையே ஏற்றது. எலியையும் அது தடுக்கும். வலையின் அடிப்பகுதியைச் சுவரோடு இறுகப் பொருத்தி, கதவுக்கு இரட்டைத் தாழ் போடவேண்டும். பகல் வெளியின் வேலி இரண்டு முதல் மூன்று அடி உயரம் இருந்தாலும் பெரும்பாலான இனங்கள் தாண்டா. ஆனால் தெருநாய் உள்ளே வராமலிருக்க அதைவிட உயரமான வேலி வேண்டியிருக்கும்.

தரையும் படுக்கையும்

வாத்தின் எச்சம் கோழியின் எச்சத்தைவிட மிகுந்த நீர்த்தன்மை உடையது. ஆகவே கூட்டின் தரை சுற்றுமண்ணைவிட ஓர் அடி உயரமாகவும், ஒரு பக்கம் சற்றே சரிந்தும், கழுவினால் நீர் நிற்காமலும் இருத்தல் வேண்டும். சிமெண்டுத் தரை நல்லது. ஆனால் வெறும் சிமெண்டு பாதத்தைப் புண்ணாக்கும். அதன்மேல் உமி, மர இழைப்புச் சுருள், நன்கு காய்ந்த தென்னைநார்க் கழிவு ஆகியவற்றுள் ஒன்றை மூன்று அங்குலக் கனத்தில் பரப்பவேண்டும். தென்னைநார்க் கழிவு இங்கு எளிதில் கிடைப்பது. ஈரத்தை நன்கு உறிஞ்சுவது. நாள்தோறும் நனைந்த பகுதியை மட்டும் வாரி எடுத்துப் புதியதைப் போட்டால், முழுவதையும் மாற்றும் வேலை அடிக்கடி வராது.

வாரி எடுத்ததைக் கிணற்றுக்கு எட்டிய குழியில் உலர்ந்த இலையோடு அடுக்கி மூடிவைத்தால் சில மாதங்களில் நல்ல எருவாகும். வாழைக்கும் சேம்புக்கும் தென்னைக்கும் அது ஏற்றது. வாத்து வளர்ப்பின் வரவைக் கணக்கிடுவோர் முட்டையை மட்டும் எண்ணாமல் இந்த எருவையும் சேர்த்து எண்ணவேண்டும்.

பூஞ்சைக்கு இடங்கொடுக்கலாகாது. ஈரம் நிறைந்த இவ்வூரில் தீவனமும் படுக்கையும் விரைவில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வாத்துக்கு மிகக் கொடியது. கோழி தாங்கும் அளவையும் வாத்து தாங்காது. ஆகவே தீவன மூட்டையைத் தரையிலிருந்து உயர்ந்த பலகையில், சுவரை ஒட்டாமல், மூடிய பீப்பாயில் வைக்கவேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்கலாகாது.

தண்ணீர்: குளம் வேண்டுமா?

வாத்துக்குக் குளம் கட்டாயம் என்பது பரவலான நம்பிக்கை. அது உண்மையன்று. நீந்தாமலே வாத்து நன்றாக வளரும், முட்டையும் இடும். ஆனால் அலகும் கண்ணும் மூக்குத்துளையும் மூழ்குமளவு ஆழமுள்ள நீர் எப்போதும் வேண்டும். அதில்தான் தீவனத்தைக் கழுவி விழுங்கும். கண்ணையும் மூக்கையும் சுத்தம் செய்துகொள்ளும். தீவனம் உள்ள இடத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் தொண்டையடைத்து உயிரையே இழக்கலாம். இரவில் தண்ணீரை எடுத்தால் தீவனத்தையும் எடுத்துவிடவேண்டும்.

ஆறு வாத்துகளுக்கு எட்டு அங்குல ஆழமுள்ள ஒரு வாளி அல்லது நீண்ட தொட்டி குடிநீருக்குப் போதும். தாராள மனம் உள்ளோர் இரண்டரை அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள ஒரு தொட்டியைக் குளிக்க வைக்கலாம். எதுவாயினும் கூட்டினுள் வைக்காமல், வெளியின் தாழ்ந்த ஓரத்தில் வைக்கவேண்டும். தொட்டியைச் சுற்றி மூன்று அடிக்குச் சரளைக்கல் பரப்பி, சிந்தும் நீர் ஒரு சிறு வாய்க்கால் வழியே வாழைக்கோ சேம்புக்கோ போகும்படி அமைத்தால் சேறு உண்டாகாது. தேங்கிய தொட்டியில் கொசு பெருகும். சிந்திய தீவனத்துக்கு எலி வரும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் மழைக்காலந்தோறும் தலைகாட்டும் மாநிலம் இது. எனவே தொட்டி நீரை நாள்தோறும் மாற்றுவதும், ஈர மண்ணில் வேலை செய்யும்போது காலுறையும் கையுறையும் அணிவதும் விதியாக வேண்டும்.

ஏரியோ வயலோ அருகில் இருப்பவர்கள் வாத்துகளைப் பகலில் அங்கே விட எண்ணுவர். வெள்ளாயணி ஏரி, அதை ஒட்டிய புஞ்சக்கரி வயல்கள் போன்ற இடங்களுக்கு வெளியிலிருந்து நீர்ப்பறவைகள் வருகின்றன. அவற்றோடு வீட்டு வாத்துகள் கலப்பது நோய்க்கு வழி திறப்பதாகும்.

முட்டையும் வெளிச்சமும்

வாத்துகள் பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டுவிடும். அதற்கு முன் வெளியே விட்டால் புதரிலும் தண்ணீரிலும் முட்டைகள் தொலையும். ஆகவே கூட்டைத் திறக்கும் நேரம் ஒன்பது மணி என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிகளைத் தரையோடு, இருண்ட மூலையில் வைத்து, காய்ந்த வைக்கோலை இடவேண்டும். மண்பட்ட முட்டையின் ஓடு வழியே கிருமி உட்புகக்கூடும். எனவே முட்டையை அன்றன்றே எடுத்து, உண்ணும்போது நன்றாக வேகவைத்தே உண்ணவேண்டும்.

முட்டையிடும் வாத்துக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் பரிந்துரைக்கப்படுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் திருவனந்தபுரத்தில் பகற்பொழுது ஆண்டு முழுதும் 12 மணி நேரத்தைச் சுற்றியே இருக்கும். மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு சிறு விளக்கு எரிந்தால் முட்டை குறையாது. அவ்விளக்கு இருளில் அஞ்சி ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வழக்கத்தையும் தடுக்கும்.

எந்த இனம்? குஞ்சா, வளர்ந்ததா?

முட்டைக்குப் புகழ்பெற்றது காக்கி கேம்பெல். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் அடேல் கேம்பெல் என்ற அம்மையார் உருவாக்கிய இனத்திலிருந்து வந்தது இது. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடும். நாட்டினங்களான சாராவும் செம்பல்லியும் முட்டையில் இதற்குக் குறைந்தாலும் இத்தட்பவெப்பத்துக்குப் பழகியவை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மஸ்கோவி பெரிதும் கத்தாது. ஆனால் பறக்கக்கூடியது என்பதால் வேலி உயர்ந்திருக்கவேண்டும். பிற வாத்துகளின் முட்டை பொரிய 28 நாள், மஸ்கோவிக்கு 35 நாள். முட்டைக்கு மட்டும் வளர்ப்போருக்கு ஆண் வாத்து தேவையில்லை. குஞ்சு வேண்டுவோர் ஆறேழு பெட்டைகளுக்கு ஓர் ஆணை வைக்கலாம்.

ஒரு நாள் குஞ்சுகளை வாங்கினால் முதல் வாரம் 29 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பம் தரவேண்டும். பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை குறைத்து, நான்காம் வாரம் 24 பாகைக்குக் கொண்டுவரலாம். படுக்கையிட்ட தரையில் குஞ்சு ஒன்றுக்கு ஒரு சதுர அடி போதும். குடிநீர்க் கலத்தில் அலகு மட்டும் மூழ்கும் அளவு, அதாவது 5 முதல் 7.5 செ.மீ. ஆழம் இருந்தால் போதும். உடல் நனைந்தால் குஞ்சு குளிரில் மாண்டுவிடும். குஞ்சு வளர்த்துப் பழகாதவர்கள் வளர்ந்த பெட்டைகளையே வாங்குவது நல்லது. பத்தனம்திட்டை மாவட்டத்தின் நிரணத்தில் அரசு வாத்துப் பண்ணை உள்ளது. திருவனந்தபுரத்துக் குடப்பனக்குன்னில் கால்நடைத் துறையின் பண்ணையும் பயிற்சி மையமும் உள்ளன. வாங்குமுன் அங்கே ஒரு நாள் பயிற்சி பெறுவது சிறந்த முதலீடு.

நோய்க் காப்பு

வாத்துப் பிளேக், பாஸ்டுரெல்லா ஆகிய இரு நோய்களுக்கும் தடுப்பூசி உண்டு. இம்மாவட்டத்தின் பாலோட்டில் உள்ள அரசு நிறுவனம் கால்நடைத் தடுப்பூசிகளைத் தயாரிக்கிறது. உரிய காலத்தை அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் கேட்டு அறியவேண்டும்.

பறவைக் காய்ச்சலுக்கு அத்தகைய எளிய காப்பு இல்லை. 2014 நவம்பரிலும், 2016 அக்டோபரிலும், 2021 ஜனவரியிலும் குட்டநாட்டை அது தாக்கியது. 2023 ஜனவரியில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் அழூர் பஞ்சாயத்திலும் உறுதியானது. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் யாவும் அழிக்கப்படும் என்பதே நடைமுறை. ஒரு வீட்டின் கவனக்குறைவு ஊர் முழுவதின் பறவைகளையும் இழக்கச் செய்யும் என்று இதற்குப் பொருள். அரசு அழிக்கும் பறவைகளுக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே நோயால் இறந்தவற்றுக்கு இல்லை. எனவே இரண்டு மூன்று வாத்துகள் காரணமின்றி இறந்தால் மறைக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பது ஊருக்கும் நன்மை, நமக்கும் நன்மை.

கோழியையும் வாத்தையும் ஒரே கூட்டில் அடைக்கலாகாது. வாத்து நோய்க்குறி காட்டாமலே கிருமியைச் சுமக்கக்கூடும். வாத்து சிந்தும் ஈரமும் கோழிக்கு ஆகாது.

வரவு, செலவு, கடன்

வளர்ந்த வாத்துக்கு நாளொன்றுக்கு 120 கிராம் தீவனம் என்று கொண்டால், ஆறு வாத்துகளுக்கு மாதம் 21.6 கிலோ ஆகும். ஐந்து பெட்டைகளிடமிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று முட்டை கிடைத்தால் மாதம் 90 முட்டை. அதாவது ஒரு முட்டைக்கு 240 கிராம் தீவனம். ஆகவே ஒரு முட்டையின் விலை, ஒரு கிலோ தீவன விலையில் கால் பங்கைவிடக் கூடுதலாக இருந்தால்தான் தீவனச் செலவாவது ஈடாகும். சமையலறை மீதி, அசோலா, நத்தை ஆகியவை இந்தச் செலவைக் குறைக்கும். இந்தக் கணக்கைத் தம் ஊர் விலையில் போட்டுப் பார்த்த பிறகே கூடு கட்டத் தொடங்கவேண்டும்.

ஆறு வாத்துகளுக்குக் கடன் தேவையில்லை. சேமிப்பிலிருந்து செய்யக்கூடிய சிறு செலவு அது. கடனின் தவணையைச் சுமக்கும் வருவாய் அதில் வராது. நூறு, இருநூறு என்று விரிவாக்கும் நிலம் உள்ளவர்களும், குடும்பஸ்ரீ போன்ற சுய உதவிக் குழுக்களும் வங்கியை நாடலாம். கிசான் கிரெடிட் கார்டு வசதி 2019 முதல் கால்நடை, கோழி, மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. தீவனம், மருந்து முதலிய நடைமுறைச் செலவுகளுக்கே அது உரியது. கொட்டகை கட்டுவதற்குத் தவணைக் கடன் தனியே உண்டு. 2025 ஜனவரி 1 முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்கு ஈடு கேட்கப்படுவதில்லை. எண்ணிக்கை கூடும்போது உள்ளாட்சி அமைப்பின் உரிமமும் வேண்டியிருக்கும்; கடன் விண்ணப்பத்துக்கு முன்பே அதைக் கேட்டறிதல் நல்லது.

தொடங்க விரும்புவோர் முதலில் ஒரு பெருமழைக்குப் பின் மனையைச் சுற்றிப் பார்க்கட்டும். அடுத்து உலர்ந்த இடத்தை அடியால் அளந்து 18 ஆல் வகுத்து, அதில் முக்கால் பங்கை எண்ணிக்கையாகக் கொள்ளட்டும். கூட்டைக் கட்டி, தண்ணீர் வடியும் வழியைச் சரிசெய்த பிறகு வாத்துகளை வாங்கட்டும். ஒரு இடவப்பாதியும் ஒரு துலாவர்ஷமும் நாற்றமின்றி, முறையீடின்றிக் கழிந்தால், அதன்பின் எண்ணிக்கையைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.